வைல்டரின் புல்வெளியில் அரசு எங்கே போயிற்று?

அமெரிக்க எல்லைப்புறத்தில் முதலில் குடியேறியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் புனைவுகள் ஏராளம். அவற்றில் லாரா இங்கல்ஸ் வைல்டரின் (1867–1957) நாவல் வரிசையைப் போல வரலாறாகவே வாசிக்கப்பட்டவை மிகக் குறைவு. 1932க்கும் 1943க்கும் இடையில் எட்டு நாவல்கள் வெளிவந்தன. விஸ்கான்சின் காட்டில் தொடங்கி, கான்சஸ், மின்னசோட்டா, டகோட்டா என்று ஒரு குடும்பம் மாட்டுக்கும் குதிரைக்கும் வண்டிக்கும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அப்பா சார்ல்ஸ், அம்மா கரோலின், மக்கள் மேரி, லாரா, கேரி, கிரேஸ் எல்லோரும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஊர்களும் நிஜமானவை. கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும், அதைச் சொல்லும் கிழவிதான் அந்தச் சிறுமி என்பது வாசகருக்குத் தெரியும். நூலின் அதிகாரம் முழுக்க இந்தச் சாட்சியத்தில் நிற்கிறது.

சாட்சி எதைச் சொல்லாமல் விட்டார் என்பது எழுபது ஆண்டுகளாக விவாதிக்கப்படுகிறது. அந்த விடுபடல்களுக்கு ஒரு திசை இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மறதியால் விட்டுப்போயிருந்தால் அவை நாலா பக்கமும் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். அப்படிக் கிடக்கவில்லை.

இதுவரையிலான வாசிப்புகள்

விமர்சனம் இரண்டு வாய்க்கால்களில் ஓடியிருக்கிறது. முதலாவது, பூர்வகுடிகளைப் பற்றியது. 1935இல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' நாவலின் தொடக்கத்தில், மனிதர்களே இல்லாத நிலமாகக் கான்சஸ் வர்ணிக்கப்பட்டிருந்தது. வாசகர் ஒருவரின் ஆட்சேபத்துக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், பதிப்பகம் அந்த வாக்கியத்தைத் திருத்தியது. செத்துப்போன செவ்விந்தியனே நல்லவன் என்ற பழமொழியைப் பாத்திரங்கள் பேசும் இடங்கள் அப்படியே இருந்தன. ஓசேஜ் இனத்தவரான பத்திரிகையாளர் டென்னிஸ் மெக்ஆலிஃப், ஆய்வாளர் பிரான்சஸ் கே போன்றோர், இங்கல்ஸ் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் அத்துமீறிக் குடியேறியது என்று வெளிப்படையாக எழுதினார்கள். 2018இல் அமெரிக்கச் சிறார் நூலகர் சங்கம், 1954இல் வைல்டருக்கே முதலில் வழங்கித் தொடங்கிய விருதிலிருந்து அவர் பெயரை எடுத்தது.

இரண்டாவது, எழுதியது யார் என்பது பற்றியது. மகள் ரோஸ் வைல்டர் லேன் (1886–1968) அப்போதே பெயர்பெற்ற பத்திரிகை எழுத்தாளர். தாயின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து, வெட்டி ஒட்டி, உருமாற்றியவர் அவர். உண்மையான ஆசிரியரே மகள்தான் என்று வில்லியம் ஹோல்ட்ஸ் 1993இல் வாதிட்டார். 1930இல் வைல்டர் எழுதி எந்தப் பதிப்பகமும் ஏற்காத 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாறு, பமீலா ஸ்மித் ஹில்லின் குறிப்புகளுடன் 2014இல் அச்சானபோது அந்த வாதம் வலுவிழந்தது. கதையும் குரலும் தாயுடையவை, கட்டமைப்பில் மகளின் கை ஆழமாகப் பதிந்திருக்கிறது என்ற நிலைக்கு இன்று பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். கரோலைன் ஃபிரேசரின் 'பிரெய்ரி ஃபயர்ஸ்' (2017) குடும்பத்தின் கடன், தோல்வி, அரசுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தது. புலிட்சர் பரிசும் பெற்றது.

இந்த இரண்டு வாய்க்கால்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே ஓடுகின்றன. முதலாவதைப் படிப்பவர்களுக்கு லேனின் அரசியல் பொருட்டில்லை. இரண்டாவதைப் படிப்பவர்களுக்கு ஓசேஜ் மக்கள் ஓர் அத்தியாயம் மட்டுமே. பூர்வகுடிகளின் உரிமையை மறைத்ததும் அரசின் கையை மறைத்ததும் ஒரே வேலைதான் என்பது என் வாதம். ஒன்றை மறைக்காமல் மற்றதை மறைக்க முடியாது.

கான்சஸ், 1869–71

ஆவணங்களில் இருப்பதை முதலில் பார்க்கலாம். 1865 ஒப்பந்தத்துக்குப் பிறகு தென்கான்சஸில் ஓசேஜ் மக்களுக்கு எஞ்சியது ஒரு நீண்ட நிலப்பட்டை. 'குறைக்கப்பட்ட ஒதுக்கீடு' என்று அதற்குப் பெயர். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் அங்கே செல்லாது. பொது நிலத்தில் 160 ஏக்கரைப் பதிவுசெய்து, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் பட்டா தரும் சட்டம் அது. ஒதுக்கீடு பொது நிலம் அல்ல. அது தெரிந்தும், அரசு எப்படியும் திறந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைந்தார்கள். 1869இல் வந்த சார்ல்ஸ் இங்கல்ஸ் அவர்களில் ஒருவர். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாண்ட்கோமரி மாவட்டம் ரட்லாண்ட் பகுதியில் அவர் குடும்பம் பதிவாகியிருக்கிறது. அந்த ஆகஸ்டில் கேரி பிறந்ததும் அங்கேதான். நாவலிலோ கேரி விஸ்கான்சினிலிருந்தே கைக்குழந்தையாக வண்டியில் வருகிறாள். இண்டிபெண்டென்ஸ் ஊரிலிருந்து வீடு நாற்பது மைல் தொலைவு என்கிறது நாவல். உண்மையில் பதின்மூன்று மைல் அளவுதான். நாற்பது மைல் என்றால் கான்சஸ் எல்லையையே தாண்டிவிடும்.

இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தையின் நினைவை அறுபது ஆண்டுகள் கழித்து எழுதினால் இப்படித்தான் ஆகும். முக்கியமான மாற்றம் நாவலின் முடிவில் இருக்கிறது. நிலத்தைக் கொத்தி, கிணறு வெட்டி, வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்து முடித்த பிறகு, குடியேறிகளை வெளியேற்ற அரசுப் படை வருகிறது என்ற செய்தி அப்பாவை எட்டுகிறது. வாஷிங்டன் அரசியல்வாதிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பொங்கி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்துடன் கிளம்பிவிடுகிறார்.

நடந்தது ஏறத்தாழ இதற்கு நேரெதிர். 1868இல் ஒரு ரயில் கம்பெனிக்கு எண்பது லட்சம் ஏக்கரை ஏக்கருக்கு இருபது சென்ட் வீதம் தூக்கிக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் தயாரானது. குடியேறிகள் கொதித்தார்கள். செனட் அதை ஏற்கவில்லை. அதிபர் கிராண்ட் 1870இல் அதைத் திரும்பப் பெற்றார். அதே ஆண்டு ஜூலை 15இல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் செய்தது. ஓசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஒக்லகோமாவுக்குப் போக வேண்டும். அவர்கள் நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர் விலையில் குடியேறிகளுக்குப் போகும். செப்டம்பரில் டிரம் கிரீக் கூட்டத்தில் ஓசேஜ் தலைவர்கள் இதற்கு இசைந்தார்கள். அத்துமீறி வந்தவர்களுக்கு அரசு கொடுத்த பரிசு அது. சார்ல்ஸ் அங்கேயே இருந்திருந்தால் தன் நிலத்தை விலைக்கு வாங்கியிருக்கலாம். 1871 வசந்தத்தில் அவர் கிளம்பியதற்குக் காரணம் வேறு. விஸ்கான்சின் வீட்டைத் தவணையில் வாங்கியிருந்தவரால் பணம் கட்ட முடியவில்லை. வீடு திரும்ப இவர் கைக்கே வந்தது.

படை வரும் என்ற பயம் முழுக்கக் கற்பனை அல்ல. அப்படிப்பட்ட வதந்திகள் அந்தக் குடியேறிகளிடையே உலவியதைப் பென்னி லின்சென்மேயர் தன் 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டுகிறார். குழந்தையின் காதில் விழுந்தது அந்தப் பயமாக இருக்கலாம். ஆனால் பயத்தை நிகழ்ச்சியாக்கி, அந்த நிகழ்ச்சியையே கதையின் முடிவாக்கியது நினைவின் வேலை அல்ல. நிலத்தை எடுத்துக் கொடுத்த அரசு நாவலில் நிலத்தைப் பறிக்கும் அரசாக மாறுகிறது. அப்படி மாறிய கணத்தில் குடியேறிகள் பாதிக்கப்பட்டவர்களாகிவிடுகிறார்கள். ஓசேஜ் மக்களும் இங்கல்ஸ் குடும்பமும் ஒரே மாதிரி வெளியேற்றப்பட்டவர்கள் என்ற போலிச் சமநிலை அங்கே உருவாகிறது.

நாவலுக்கு நியாயம் செய்வதானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓசேஜ் மக்களை அது கண்ணில் படாமல் செய்யவில்லை. அத்தியாயம் அத்தியாயமாக அவர்கள் வருகிறார்கள். இது அவர்கள் இடம்தானே என்று சிறுமி கேட்கிறாள், அப்பா அவள் வாயை அடைக்கிறார். எல்லைப்புறச் சிறார் நூல்களில் இவ்வளவு நேரான கேள்வி அக்காலத்தில் அபூர்வம். பதில் கொடுக்க ஆளில்லாமல் கேள்வியை மட்டும் விட்டுவைத்ததில் வைல்டரின் நேர்மை தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் ஏன் வீட்டுக்குள் வந்து சோளரொட்டியும் புகையிலையும் கேட்கிறார்கள் என்பதை நாவல் விளக்குவதில்லை. மிரட்டலாகவும் பிச்சையாகவும்தான் அது காட்டப்படுகிறது. ஓசேஜ் மக்களுக்கான அரசு முகவராக இருந்த குவேக்கர் ஐசக் கிப்சன் 1870 வாக்கில் மேலிடத்துக்கு அனுப்பிய முறையீடுகள் வேறு கதை சொல்கின்றன. குடியேறிகள் ஓசேஜ் மக்களின் சோளக்கொல்லைகளைப் பிடித்துக்கொண்டார்கள், குதிரைகளைத் திருடினார்கள், சொந்த நிலத்திலேயே அவர்களை விறகு வெட்ட விடவில்லை என்று அவர் புகார் செய்கிறார். அந்தப் பின்னணியில் படித்தால், வாசலுக்கு வந்தவர்கள் நிலத்துக்கான வாடகையைத்தான் வாங்கிப் போனார்கள் என்ற சில ஆய்வாளர்களின் விளக்கம் வலுவாகவே படுகிறது.

படுகொலையைத் தடுத்த நல்ல தலைவராக நாவலில் வரும் சோல்டா டு ஷேன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1933இல் வைல்டர் தகவல் கேட்டுக் கடிதங்கள் அனுப்பினார். ஒக்லகோமாவிலிருந்து வந்த ஒரு பதிலில் இந்தப் பெயர் இருந்தது. அப்பெயருள்ள ஓர் ஓசேஜ் தலைவரின் உருவப்படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 1870இல் அப்படியொருவர் தலைவராக இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரவெல்லாம் கேட்ட பறையொலி யுத்த ஆலோசனையா, நிலத்தை விட்டுப் போவதா வேண்டாமா என்ற விவாதமா, பிரிவின் ஒப்பாரியா என்பதும் தீராத வழக்கு.

அச்சுக்கு வராத ஆண்டுகள்

கான்சஸ் மட்டும் தனி நிகழ்வாக இருந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. மற்ற நாவல்களுடன் 'பயனியர் கேர்ள்' பிரதியையும் அரசுப் பதிவுகளையும் ஒப்பிட்டால் அதே திசை திரும்பத் திரும்ப வருகிறது.

மின்னசோட்டாவில் 1870களின் நடுவில் வெட்டுக்கிளிப் படை பயிரைத் தின்று தீர்த்தது. 'ஆன் த பேங்க்ஸ் ஆஃப் பிளம் கிரீக்' அதை மறக்க முடியாதபடி எழுதியிருக்கிறது. அப்பா கிழக்கே நடந்துபோய் அறுவடைக் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். 1875இன் இறுதியில், கையில் எதுவுமே இல்லை என்று அதிகாரிகள் முன்னால் சத்தியம் செய்து, மாநில அரசிடம் ஐந்து டாலர் சொச்சம் மதிப்புள்ள மாவு அவர் வாங்கியது நாவலில் இல்லை.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் கிழக்கே திரும்பியது. ஒன்பது மாதக் குழந்தை ஃபிரெடி 1876 ஆகஸ்டில் இறந்தான். அயோவாவின் பர் ஓக் ஊரில் ஒரு ஹோட்டலில் எல்லோரும் வேலை செய்தார்கள். கடைசியில் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாமல் இரவோடிரவாக ஊரைக் காலிசெய்தார்கள். குழந்தையும் இல்லை, அயோவாவும் இல்லை, ராத்திரிப் பயணமும் இல்லை நாவல்களில். தான் வரையும் குடும்பச் சித்திரத்தில் பர் ஓக் பொருந்தாது என்று வைல்டரே மகளுக்கு எழுதியிருக்கிறார். மேற்கு நோக்கியே போகும் வண்டி ஒருமுறைகூடக் கிழக்கே திரும்பக் கூடாது.

மேரிக்குக் கண் தெரியாமல் போன பிறகு, 1881இல் அவள் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரிக்குப் போகிறாள். நாவலில் அதற்காகக் குடும்பமே பைசா பைசாவாகச் சேர்க்கிறது. லாரா சட்டை தைக்கிறாள், பள்ளிக்கூடம் நடத்துகிறாள். இவையும் உண்மைதான். ஆனால் மேரியின் கல்விச் செலவை ஏற்றது டகோட்டா பிரதேச அரசு.

'த லாங் விண்டர்' நாவலில் 1880–81 பனிக்காலத்தில் குடும்பம் தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. நிஜத்தில் ஜார்ஜ் மாஸ்டர்ஸ் தம்பதியும் அவர்கள் கைக்குழந்தையும் அதே வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களை நீக்கியதைக் கலை நோக்கில் ஏற்கலாம். அந்த நாவலின் இறுக்கத்துக்கு அது அவசியம், வரிசையில் அதுவே சிறந்த படைப்பு என்பது என் கருத்து. கலைக் காரணமும் கொள்கைக் காரணமும் ஒன்றாகக் கலந்திருப்பதால்தான் இந்த விடுபடல்களைப் பிரித்து எடைபோடுவது கடினமாகிறது.

மொத்தத்தில் விடுபட்டவை எவை? அரசு உதவி, கடன், பின்வாங்கல், நிலத்தின் முந்தைய உரிமையாளர். தன் கையே தனக்குதவி என்று வாழும் குடியானவன் என்ற பிம்பத்துக்கு எவையெல்லாம் ஊறு செய்யுமோ அவையெல்லாம்.

மகளின் கையும் தாயின் மனமும்

இதை லேனின் தலையில் கட்டிவிடுவது எளிது. 1930களில் ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் திட்டங்களைக் கடுமையாக வெறுத்தவர் அவர். 1943இல் எழுதிய 'த டிஸ்கவரி ஆஃப் ஃபிரீடம்', அமெரிக்கச் சுதந்திரவாதச் சிந்தனையின் தொடக்க நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 'லிட்டில் டவுன் ஆன் த பிரெய்ரி'யில் ஜூலை நான்கு கொண்டாட்டத்தின்போது சிறுமி லாரா திடீரென்று சுதந்திரம் பற்றித் தத்துவம் சிந்திக்கும் இடத்தை லேனின் செருகலாகவே பலர் பார்க்கிறார்கள். ஒட்டுப் போட்டது தெரிகிறது, உண்மைதான்.

ஆனால் தாயும் நியூ டீலை விரும்பியவர் அல்ல. பர் ஓக்கை விட்டது அவர் முடிவு. 1937இல் டெட்ராய்ட் புத்தகக் கண்காட்சியில் பேசியபோது, தான் எழுதியது அனைத்தும் உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல என்ற பொருளில் ஒப்புக்கொண்டவரும் அவர்தான். முரண்பாடு என்னவென்றால், மிசூரியின் மான்ஸ்ஃபீல்டில் விவசாயிகளுக்கு மத்திய அரசின் நில வங்கிக் கடனை வாங்கித்தரும் சங்கத்தில் செயலாளர்–பொருளாளராகப் பத்தாண்டுபோல் வேலை பார்த்தவர் வைல்டர். சிறு விவசாயி அரசுக் கடன் இல்லாமல் நிற்க முடியாது என்பதை அந்த மாவட்டத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது. பொருளாதாரப் பெருமந்தத்தில் தாய், மகள் இருவர் சேமிப்பும் கரைந்த பிறகு, அந்தப் பணமுடையில்தான் நாவல்கள் பிறந்தன. யாரிடமும் கையேந்தாத குடும்பத்தின் கதை, கையேந்த வேண்டிய காலத்தில் எழுதப்பட்டது.

வேறு மாதிரியும் எழுத முடியும்

இவ்வகைப் புனைவின் வடிவமே இப்படித்தான், வேறு வழியில்லை என்று ஒரு மறுப்பு எழலாம். சமகாலத்தவர் இருவரைப் பார்த்தால் அது தவறு என்று தெரியும்.

நார்வேயிலிருந்து வந்த ஓ. இ. ரோல்வாக், தன் தாய்மொழியில் 1924–25இல் எழுதி 1927இல் ஆங்கிலத்தில் வந்த 'ஜயண்ட்ஸ் இன் த எர்த்', 1873இன் டகோட்டாவில் தொடங்குகிறது. பெர் ஹான்சா பிடித்த நிலத்தின் மேட்டில் ஒரு பூர்வகுடிக் கல்லறை இருக்கிறது. அயலார் நட்ட எல்லைக் கட்டைகளைக் கண்டதும் அவன் யாருக்கும் தெரியாமல் பிடுங்கி அழிக்கிறான். எல்லைக்கல்லை நகர்த்துவது மகாபாவம் என்று வளர்ந்த மனைவி பெரெட் அதைக் கண்டுபிடித்து நடுங்குகிறாள். அவள் மனம் சிதைவதற்கு அந்தக் குற்றம் ஒரு காரணம். நிலம் பிடிப்பது ஒழுக்கப் பிரச்சினை என்பதை ரோல்வாக் கதைக்குள்ளேயே வைத்தார்.

வில்லா கேதர் (1873–1947) கடனை வைத்தார். 'ஓ பயனியர்ஸ்!' (1913) நாவலின் அலெக்சாண்ட்ரா ஜெயிப்பது உழைப்பால் மட்டுமல்ல. மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டு ஓடும்போது அடமானத்தின் மேல் அடமானம் வைத்து வாங்கிப் போடுகிறாள். புழுதி மண்ணை நம்பியவளைவிட நில விலையைக் கணக்குப் போட்டவளாகவே அவளைக் கேதர் காட்டுகிறார். ஆனால் பூர்வகுடிகள் விஷயத்தில் கேதர் வைல்டரைவிடப் பின்தங்கியே இருக்கிறார். 'மை ஆன்டோனியா'வில் (1918) அவர்கள் புல்லில் தெரியும் ஒரு வட்டத் தடம் மட்டுமே. கேதர் நெப்ராஸ்காவுக்கு 1883இல் வந்து சேர்ந்தபோது பவ்னீ மக்கள் ஏற்கெனவே தெற்கே அனுப்பப்பட்டுவிட்டார்கள். அவர் பார்த்த வெறுமை உண்மை, அதை உண்டாக்கியவர்கள்தான் பக்கத்தில் இல்லை.

ஆக, அரசையும் கடனையும் முந்தைய உரிமையாளரையும் உள்ளே வைத்துக்கொண்டே நல்ல எல்லைப்புற நாவல் எழுத முடிந்திருக்கிறது. ஒருவரே மூன்றையும் வைத்தார் என்று சொல்ல முடியாது.

தெற்கே போனவர்கள்

'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி'யில் ஓசேஜ் மக்கள் நீண்ட வரிசையாகக் குதிரையில் போய் அடிவானத்தில் மறைகிறார்கள். அதற்கப்புறம் அவர்களுக்குக் கதை இல்லை. வரலாற்றில் இருந்தது. கான்சஸ் நிலத்தை விற்ற பணத்தை அமெரிக்கக் கருவூலம் அவர்கள் பெயரில் வைத்திருந்தது. அதைக் கொண்டு செரோக்கீ மக்களிடமிருந்து ஏக்கருக்கு 70 சென்ட் விலையில் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் வாங்கினார்கள். தங்கள் பணத்தில் வாங்கிய நிலம் என்பதால் பேரம் பேசும் பலம் இருந்தது. 1906இல் நிலம் தனித்தனியாகப் பங்கிடப்பட்டபோது, அடியில் இருக்கும் கனிமங்களின் உரிமையை இனத்துக்குப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அடியில் எண்ணெய் இருந்தது. 1920களில் அந்தப் பணத்துக்காக ஓசேஜ் மக்கள் கொலை செய்யப்பட்டது உலகறிந்த வழக்கு.

வைல்டரின் முதல் நாவல் வந்த 1932இலேயே, ஓசேஜ் எழுத்தாளர் ஜான் ஜோசப் மேத்யூஸின் (1894–1979) 'வா'கொன்-டா' வெளிவந்தது. கான்சஸிலிருந்து வந்த பின் தன் மக்களின் வாழ்க்கையை, முகவர் லாபன் மைல்ஸின் குறிப்புகளைக் கொண்டு எழுதிய நூல் அது. மாதம் ஒரு நூல் தேர்ந்தெடுக்கும் புகழ்பெற்ற வாசகர் சங்கம் அதைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே யாரும் படிக்காத நூல் என்று தள்ள முடியாது. எண்ணெய்ப் பணத்துக்கு நடுவே திசை தெரியாமல் அலையும் ஓர் ஓசேஜ் இளைஞனைப் பற்றிய அவரது 'சன்டவுன்' நாவல் 1934இல் வந்தது, வைல்டரின் கான்சஸ் நாவலுக்கு ஓராண்டு முன்னால். ஓசேஜ் மக்கள் எங்கே போனார்கள் என்று தேட விரும்பிய எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் பதில் புத்தகக் கடையிலேயே இருந்தது.

1938இல் லேன், தன் பெற்றோரின் டகோட்டா அனுபவத்தை வைத்து எழுதிய 'ஃபிரீ லேண்ட்' நாவலை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் தொடராக வெளியிட்டார். நிலம் எப்போதும் இலவசம் அல்ல, குடியேறி தன் உழைப்பால்தான் விலை கொடுத்தான் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஒக்லகோமாவின் பாஹஸ்காவில் ஓசேஜ் இனத்தின் சொந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்காக முன்நின்று உழைத்தவர்களில் ஒருவர் மேத்யூஸ்.